தர்ஷினி வரைஞ்ச குடம்

செவ்வாய், ராத்திரி

கோவம் இன்னும் அடங்கலை. டயாலிசிஸ் வார்டுப் பிள்ளைகளோட உக்காந்து படம் வரைய வைக்கிறதுதான் என் வேலை. பல்லடத்து தர்ஷினி, டாக்டர் சொன்னபடி தண்ணியை அளந்தளந்து குடிக்கிற பிள்ளை, போன வாரம்தான் முதல்தடவையா வரைஞ்சா. கட்டிலைவிட உசரமா ஒரு தண்ணிக்குடம். செவுத்துல ஒட்டியிருந்தேன்.

இன்னிக்கு நன்கொடைக்காரங்க வர்றாங்கன்னு ஆபீஸ் மேடம் அதுல ஸ்கெட்ச் பேனாவால ரோஜாப்பூவா வரைஞ்சு பூந்தொட்டி ஆக்கிப்போட்டாங்க. கேட்டா, "வர்றவங்க கண்ணுல வெறுங்குடம் பட்டா நல்லதில்லீங்க"ங்கிறாங்க. வெறுங்குடமாம்! அது நிறைகுடம்னு அவளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே. வார்டே திரும்பிப் பாக்கக் கத்திட்டேன்.

அப்பறம் தர்ஷினிகிட்ட புதுத்தாள் நீட்டினேன். வாங்கிக்கிட்டு மெதுவாச் சொன்னா:

"அவிங்களுக்கு என்ன புடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க்கா. அதையே வரைஞ்சு தாரேன்."