இரட்டை லென்ஸ் கேமராவும் அம்மாவின் படமும்

பொன்னமராவதி,
புரட்டாசி 12

அன்பு மகள் செல்வராணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இரண்டு நாள் மழையில் கண்மாய்க்குக் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது, நம் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

போன வாரம் போனில் நீ அழுதது என் காதிலேயே நிற்கிறது. இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கப்போவதாகத் தையில் நீ சொன்னதிலிருந்து அம்மா வீடியோவில் முகம் காட்டவில்லையே, அவ்வளவு கோபமா என்று கேட்டாய். கோபம் இல்லை தாயி. நீ சொன்ன பத்தாம் நாள் காலையில் அவளுக்கு முகத்தின் இடது பக்கம் தொய்ந்து, வாய் கோணி, கண்ணை மூட முடியாமல் போய்விட்டது. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன், பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர். மாத்திரையிலும் பயிற்சியிலும் இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது, சிரித்தால் மட்டும் வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது. உனக்குத் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். நாளாக ஆக அதுவே வெட்கமாகிப்போனது, விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை, யார் வந்தாலும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். எட்டு மாதம் உன்னிடம் நெட் சரியில்லை என்று பொய் சொன்னது நான்தான், அதற்கு என்னை மன்னித்துவிடு.

ரிட்டயர் ஆன அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று ஆடியில் நீ அனுப்பிய இரட்டை லென்ஸ் கேமரா என்ன ஆயிற்று என்றும் கேட்டாய். நீ சொன்னபடியே பிலிம் ரோலில் இருக்கும் அம்புக்குறியைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வைத்து மாட்டினேன், பஸ் ஏறிச் சித்தன்னவாசல் வரை போய்ப் பன்னிரண்டு படமும் எடுத்தேன். ரோலைக் கழுவச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினால், ஒன்றுமே விழவில்லை என்று அங்கிருந்து போன் வருகிறது. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய், நான் கீழ் லென்ஸின் மூடியைக் கழற்றவே இல்லை. மேலே எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் சந்தேகமே வரவில்லை.

இரண்டாவது ரோலைப் போட்டுக்கொண்டு ஆவணிக் கடைசியில் ஒரு நாள் காலை கொல்லையில் நின்றேன். கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து, அந்தச் சதுரக் கண்ணாடியில் பசுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா வைக்கோலோடு குறுக்கே போனாள். அதில் இடம் வலமாகத் தெரியும் என்பது மறந்துபோய், அவள் ஒரு பக்கம் போக நான் மறு பக்கம் திரும்பித் தேடி, மாட்டுக் கழனித்தண்ணீர்த் தொட்டியில் முட்டி உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் கண்ணாடி பார்த்துப் பஸ் ஓட்டியவன் நிலைமை இது. அம்மா சிரித்தாள். தலைப்பால் மூடாமல் சிரித்தாள். நான் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை. வைக்கோலைப் போட்டுவிட்டு அவளே வந்து எதிரில் நின்று, "நான் இங்கிட்டு நிக்கிறேன், எடுங்க. என்னையப் பாக்க வேணாம், குனிஞ்சே எடுங்க" என்றாள். குனிந்தபடியே பக்கத்துக் குமிழைத் திருகினேன், மங்கலாக இருந்த முகம் மெல்லத் தெளிந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று எடுத்தேன். மிச்சத்தில் கன்றுக்குட்டியும், அம்மா என்னை எடுத்த ஒன்றும் உண்டு, அதில் எனக்குத் தலை இல்லை.

நேற்று படங்கள் வந்தன. அம்மா தன் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். நான் பயந்துகொண்டே நின்றேன். திரும்பி வந்து என் கையில் கொடுத்து, "இதான் இப்ப என் மொகம். அவளுக்கு அனுப்பிருங்க, எல்லாத்தையும் எழுதிருங்க" என்றாள்.

அந்தப் படம் இத்துடன் இருக்கிறது. பார்த்துவிட்டு அழுதுகொண்டே டிக்கெட் போட்டுவிடாதே, அவளுக்கு அதுதான் பயம். லீவு கிடைக்கும்போது நிதானமாக வந்தால் போதும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி பட்டினி கிடக்காதே. குலசாமி துணையிருந்து நீ நீடூழி வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். கடிதம் கிடைத்த அன்றே வீடியோவில் கூப்பிடு. அம்மாதான் எடுப்பாள்.

உன் பிரியமுள்ள அப்பா,
மூ. ஐயனார்