போயிட்டு வா

செவ்வாய், இரவு. மழை விட்டுவிட்டது.

சென்னையில் ஒரு படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்; ஒரு காட்சியை நடித்து வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் எஸ்டேட் வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதன் முன்னால் நின்றேன். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, சுவர் எது வேட்டி எது என்று தெரியாமல் செய்துவிட்டது.

போனைப் பிடித்துக்கொண்டு எதிர்வசனம் சொன்னவர் என் வீட்டுக்காரர் அந்தோணி. மனைவியை வீட்டைவிட்டுத் துரத்தும் கணவனின் வசனம்: "போ. இனி வராதே."

அவர் "போயிட்டு வா" என்றார்.

"எழுதியிருக்கிறத அப்படியே சொல்லுங்க."

"வாசல்ல நிக்கிறவளப் பாத்து வெறும் 'போ'ன்னு எப்பிடிச் சொல்ல? வாயில வர மாட்டேங்குது பிள்ள."

எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் சரியாகச் சொன்னார். நானும் நன்றாக அழுதேன். போட்டுப் பார்த்தால் அழுகை பொய்யாக இருந்தது. அவர் தப்பாகச் சொன்ன முதல் வீடியோவில்தான் என் முகம் நிஜமாகவே எங்கோ தூரத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது. அதையே அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

போடிமெட்டு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். கிளம்பும்போது அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, அதில் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார்.

வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. கனவில் நடப்பதுபோல் பனிக்குள் திரும்பி வந்தேன். இப்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்.

என்னைவிட நன்றாக நடிக்கிறார்.