பதினோரு நிமிடம் நான் திரும்பவில்லை

டெட்ராய்ட்
9 அக்டோபர் 1984

அன்புள்ள வில்மெட்டாவுக்கு,

ஓலீதா எழுதுவது. 'அன்புள்ள' என்று போட்டது பழக்கதோஷம், பொருட்படுத்தாதே. நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ என் புருஷனோடு சிகாகோவுக்குப் போய்ப் பத்தொன்பது மாதம் ஆகிறது, அதற்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. திட்டத்தான் எழுதியிருப்பேன் என்று பிரித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உனக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது.

லெமுவேல் தன் தம்பி வீட்டுக் கூரையைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லித்தானே கிளம்பினான்? கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தம்பியே என்னிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் ஆள் இங்கே யூனியன் ஹால் மேடையில் எனக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்தான்.

அன்று நம் பாட்டுக்கார ஜோடி டாலிவர் தம்பதிக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். நம் ரசிகர் மன்றத்தின் விருந்துக்கு ராய்ஸும் டெல்ஃபினும் நேரிலேயே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் நீயும் நானும் மன்றப் பத்திரிகையை டைப் அடித்து அனுப்பினோமே, ஒரு இதழ் விடாமல் படித்திருக்கிறார்கள். டெல்ஃபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க பாட்டுல எந்த வரி என்னோடது, எந்த வரி இவரோடதுன்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதுவீங்களே, அந்த ரெண்டு பொம்பளைங்க நீங்கதானா, பாதிக்கு மேல தப்பும்மா என்று சிரித்தாள். இன்னொருத்தி எங்கே என்று கேட்டாள். செத்துப்போய்விட்டாள் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அதற்காக மட்டும் வருத்தப்பட்டேன்.

விருந்து முடிந்ததும் அவர்களுடைய 'முகம் காட்டு' பாட்டைப் பாடவேண்டும், அது மாறாத வழக்கம். மன்றத்திலேயே அதிக வருஷம் குடும்பம் நடத்திய ஜோடி மேடையேற வேண்டும். டெல்ஃபின் செய்வதைப் போல மனைவி முதுகைக் காட்டி நிற்பாள், புருஷன் கெஞ்சுவான். எழுதிய வரிகள் தீர்ந்தால் சொந்த வாயால் கெஞ்ச வேண்டும். அவள் திரும்பி முகம் காட்டுகிற வரை வாத்தியக்காரர்கள் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார்கள். நமக்குள் இதற்காக எத்தனை சண்டை. பாவம்டி, சீக்கிரம் திரும்பிடணும் என்பாய் நீ. கிடந்து கெஞ்சட்டுமே என்பேன் நான். நீ யாரைப் பார்த்துப் பாவப்பட்டாய் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

சட்டப்படி நாங்கள் இன்னும் பிரியவில்லை. அதனால் இருபத்தாறு வருஷம் என்று பட்டியலில் எங்கள் பெயரே முதலில் இருந்தது. அதை அடித்துவிடச் சொல்ல நினைத்தபோது தம்பி மூலம் உன் ஆளிடமிருந்து தகவல் வந்தது. பெட்டி கார்லயே இருக்கு, அவ திரும்பினா நேரா வீட்டுக்கு வந்துடறேன், திரும்பலேன்னா இனிமே அந்தத் தெருப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தான். நான் உடனே ஒப்புக்கொண்டேன். இருநூறு பேர் முன்னால் அவன் மூக்கை உடைக்க இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. அதற்கு நீலப் பட்டில் புது உடுப்பு எதற்கு என்று நீ கேட்பாய். கேட்காதே.

நன்றாகத்தான் பாடினான், பாவி. எழுதிய வரிகளை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டான். நான் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொந்தமாக ஆரம்பித்தான். கார் தொழிற்சாலையில் வேலை போன அந்தக் குளிர்காலத்தைப் பாடினான். ஹீட்டர் போட வழியில்லாமல் கோட்டோடு படுத்தோமே, என் காலைத் தன் கால்களுக்கு நடுவே வைத்துச் சூடாக்குவானே, அதைப் பாடினான். கீழே பெண்கள் எல்லாரும், போதும் ஓலீதா, திரும்புடி, மனுஷன் செத்துடுவான் என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வில்மெட்டா என் வாழ்க்கையில் ஒரு தப்பு என்று உன் பெயரைச் சொல்லியே பாடினான். என் காது குளிர்ந்தது. உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அழுகையும் வந்தது. திரும்பிவிடலாம் என்று ஒரு காலை நகர்த்திவிட்டேன்.

அதற்குள் அவனுக்குச் சொல்வதற்குச் சரக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. என் முதுகைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ சுடுகிற பீச் பழ காப்லர், மேலே முறுகலாய்ச் சர்க்கரை, அது இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று பாடினான்.

பீச் பழம் பட்டாலே என் தொண்டை வீங்கிவிடும். என் வீட்டு வாசற்படியை அந்தப் பழம் மிதித்ததில்லை. அது உன் காப்லர், வில்மெட்டா. மன்ற விருந்துக்கெல்லாம் நீதானே ரெண்டு தட்டு நிறையக் கொண்டுவருவாய், ஹாலில் அதைத் தின்னாதவர் யார்? பின் வரிசையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவன் அதைப் பாராட்டு என்று நினைத்து அதே வரியை இன்னும் உருக்கமாக இரண்டாம் தடவை பாடினான்.

அவன் என்னிடம் கெஞ்சவில்லை. நின்றுகொண்டிருப்பது யார் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. முன்னால் ஒரு முதுகு இருந்தால் போதும், யாருடையதாக இருந்தாலும் அவன் பாடுவான். கடிகாரத்தில் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. நான் திரும்பாமலேயே பக்கவாட்டுப் படியில் இறங்கிவிட்டேன். அந்தப் பாட்டு நம் மன்றத்தில் முடியாமல் நின்றது அன்றுதான். டெல்ஃபின் எழுந்து கையை உயர்த்தின பிறகுதான் வாத்தியங்கள் ஓய்ந்தன.

போகும்போது அவள் என்னை ஓரமாக அழைத்தாள். இருபத்தஞ்சு வருஷமா ஒவ்வொரு மேடையிலும் திரும்பியிருக்கேன், சில நாள் வாசிக்கிற பசங்களுக்குப் பஸ் போயிடுமேன்னுகூடத் திரும்பியிருக்கேன், ஒரு நாளாவது இப்படி இறங்கிப் போகணும்னு ஆசை என்றாள். பக்கத்தில் ராய்ஸ் சிரிக்க வாயைத் திறந்தார், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். இப்படி இருப்பவர்கள் எழுதுவதால்தானே அந்தப் பாட்டுகளை நாம் நம்பினோம்.

மன்றத்துக்காகப் பதிவு செய்த கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைத் தப்பு என்று அவன் பாடியதும் அதில் இருக்கிறது, உன் காப்லரும் இருக்கிறது. காப்லரை மட்டும் அழித்துவிட்டு அனுப்பலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். அழிக்கவில்லை. அது உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. அதைக் கேட்டு நீ பூரிப்பாயா அழுவாயா என்று இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. நீ எனக்குச் செய்ததற்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

இது வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அவன் சனிக்கிழமை வருவான் என்று தம்பி சொன்னான். கூரை வேலை முடிந்தது என்பான். கேசட்டை நீ கேட்டுவிட்டாய் என்று தெரிந்ததும் வாசலில் நின்று கெஞ்சுவான். உருக்கமாகவே கெஞ்சுவான், நான் கேட்டிருக்கிறேன்.

கர்த்தர் உனக்குத் தெம்பைத் தரட்டும். நான் பதினோரு நிமிடம் நின்றேன், வில்மெட்டா. நீ என்னைவிட அதிக நேரம் நில்.

இப்படிக்கு,
ஓலீதா