டாக்டரிடம் நீங்கள் கேட்டது

அக்கா,

இன்று மருந்துக்கடையில் அந்த ஜெல்லின் பெயரைச் சொல்லி வாங்கினேன். பக்கத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள்; ஆனாலும் குரல் தாழவில்லை. வெளியே வந்ததும் உங்கள் நினைவில் கண் நிறைந்துவிட்டது.

மதுரையில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு வைக்கக் காத்திருந்த பெஞ்சில்தான் நாம் பழகினோம். நீங்கள் கண்டனூர், நான் காரைக்குடி. ஒரே நோய், போக வர ஒரே பஸ். சிகிச்சை முடிந்து, கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். வீடே நிம்மதியானது. ஆனால் என் கணவர் நெருங்கியபோது உயிர் போகிற வலி. அவர் பயந்து விலகினார். பிறகு அவர் கை பட்டாலே என் உடம்பு இறுகியது. மகளோடு படுத்துக்கொண்டேன். நோய்தான் திரும்பிவிட்டதோ என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நடுங்கினேன்.

மறுபரிசோதனையில் டாக்டரம்மா வேறு தொந்தரவு உண்டா என்றார். இல்லை என்றேன். துணைக்கு வந்திருந்த நீங்கள்தான் வாய் திறந்தீர்கள்.

“வீட்டுக்காரரோட இருக்க முடியல, நோகுதுன்னு பஸ்ஸெல்லாம் அழுதுக்கிட்டு வந்தா. என்ன திங்கணும், எப்படிக் குளிக்கணும்னு எல்லாஞ் சொன்னீக. இதைச் சொல்லலையே.”

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். கரண்ட் வைத்ததில் அந்த இடம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது, நோய் திரும்பவில்லை, கணவருக்கு ஒட்டவும் ஒட்டாது என்றார். ஜெல் தடவி, அந்த இடத்தை விரிப்பதற்கென்று இருக்கும் குழாயை மெல்ல உள்ளே வைத்துப் பழகச் சொன்னார். அடுத்த முறை அவரையும் அழைத்துவரச் சொன்னார்.

உங்களுக்கும் இது உதவுமே என்றேன், திரும்பும் வழியில். நீங்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

“எங்க வீட்ல அவுக எனக்குத் தட்டு தம்ளரே தனியா வச்சிட்டாக. நான் யாருக்காகக் கேக்குறது?”

என் கணவர் வந்தார், எல்லாம் கேட்டுக்கொண்டார். வலி முழுக்கப் போகவில்லை. சில நாள் பாதியில் போதும் என்பேன். அவர் நிறுத்திவிட்டு என் பக்கத்திலேயே படுத்திருப்பார். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு நோய் திரும்பியது. கடைசியாகப் பார்க்க வந்தபோது, வீங்கியிருந்த உங்கள் காலைப் பிடித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, “கையை எடுத்துராத. மனுசக் கை பட்டு எம்புட்டு நாளாச்சு” என்றீர்கள். உங்கள் கணவர் அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

சாவு வீட்டில் அவர்தான் எல்லோரையும்விட உரக்க அழுதார். உங்கள் முகத்தை இரண்டு கைகளாலும் தடவித் தடவி அழுதார்.

இப்போது என் கணவரின் கை என்மேல் விழும்போது மனம் நிறைகிறது, அக்கா. நிறைந்த மறுகணமே அந்த இரண்டு கைகளும் கண்முன் வந்துவிடுகின்றன. ஒரே ஒரு நாள் முன்னால் அவை உங்களைத் தொட்டிருக்கக் கூடாதா?