துவைக்காத துண்டு

தம்பி,

நான் இல்லாத நேரம் பார்த்துத் துணி எடுக்க வருவாய் என்று தெரியும். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. சாவியை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போய்விடாதே. வீடு உனக்கும்தான்.

படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு ஆறு மாதம் நீதான் ஷேவ் செய்துவிட்டாய். அடக்கத்தன்று மட்டும் மாட்டேன் என்று கத்தியைக் கீழே வைத்தாய். “வீட்ட எழுதி வாங்கத்தானே இத்தனை நாள் செஞ்சே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அடக்கம் முடிந்ததும் கிளம்பிப் போனாய். எட்டு நாளாக உன் சலூனிலேயே படுக்கிறாய்.

சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கக் கிளம்பிவிட்டேன். அடுத்தவர் மனதில் இருப்பது ஆண்டவருக்குத்தான் தெரியும், நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் இன்றைய பாடம். அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அழுக்குத்துணி தேடும்போது உன் ஷேவிங் பெட்டியைத் திறந்துவிட்டேன். அப்பாவுக்குக் கடைசியாக ஷேவ் செய்தபோது போர்த்திய துண்டை மடித்து வைத்திருக்கிறாய். நரைமுடி அப்படியே ஒட்டியிருக்கிறது. ஏன் வைத்தாய் என்று இந்தத் தடவை நானாக முடிவு கட்டமாட்டேன். துவைக்கவும் இல்லை.

நீயே சொல்லுடா. அதுவரை தொடமாட்டேன்.

அக்கா