கோப்பைத் திறந்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்
காலை 6.10-க்கு மகளுக்கு வலிப்பு. இரண்டு நிமிடம். இந்த மாதத்தில் முதல் தடவை. நோட்டில் குறித்தாயிற்று, டாக்டர் கேட்பார். "யாருக்கும் தெரிய வேண்டாம்மா" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், வேலை போய்விடுமோ என்று பயம். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்?

மார்ச் 7, வெள்ளி
பிரார்த்தனைக் கூட்டம். நாத்தனாரும் வந்திருந்தாள். வேண்டுதல் பெட்டியில் மகளுக்காகச் சீட்டு போட்டேன். பெயர், வயது, நோய், மாத்திரை அளவு — கடவுளிடம் அரைகுறையாகக் கேட்கக் கூடாது. மகளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்
நாத்தனார் போன். "பொண்ணுக்கு வலிப்பாமே அண்ணி? மூடி மூடி வச்சிருக்கீங்க."
யார் சொல்லியிருப்பார்கள்? எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக்காரர் மகளைக் காட்டுகிற ஆஸ்பத்திரியில்தான், நோயாளிகளின் கோப்பு அறையில் வேலை பார்க்கிறார். வேற யாரு? அந்த மனுஷன் சிரிக்கிறப்பவே நெனச்சேன்.

மார்ச் 12, புதன்
நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தை நாலு தடவை வாசித்தேன். நோயாளியின் விவரத்தை அனுமதியில்லாமல் வெளியே சொல்வது குற்றம். தன் கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. மகளிடம் கையெழுத்து வாங்கிப் புகார் கொடுத்தேன். கண்ணாடிக்காரர் பெயரையும் சேர்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி
விசாரணை முடியும்வரை கண்ணாடிக்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வாசலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்
பட்டியல் வந்தது. கோப்பைத் திறந்தவர்கள் நான்கு பேர்: டாக்டர், நர்ஸ், ஆய்வகம், மருந்துப் பிரிவு. மணி, நிமிடம் உட்பட. என் நோட்டைவிடச் சுத்தம். அவர் பெயர் இல்லை.
அப்போ யாரு?
நாத்தனாரிடமே கேட்டேன். "நல்லா கேட்டீங்க போங்க. அண்ணி, உங்க சீட்டைத்தான் கூட்டத்துல சத்தமா வாசிச்சாங்க. மாத்திரை எத்தனை மில்லிகிராம்னுகூட எனக்குத் தெரியும்."
வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அடுத்தவங்க சீட்டை எத்தனை வருஷமா காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டிருக்கேன்.

மார்ச் 21, வெள்ளி
மகளிடம் சொன்னேன். வலிப்பு நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "முதல்ல அவரை வேலைக்குப் போக வைம்மா" என்றாள்.
தவறு என்னுடையது என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரதி எதிர்வீட்டுக்கு. வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி
மூன்று நாளாக அவர் வேலைக்குப் போகிறார். என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. தலைமையாசிரியையிடம் மகளே சொல்லிவிட்டாள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.
இன்றைய சீட்டில் 'ஒருத்திக்காக' என்று மட்டும் எழுதினேன்.
வலிப்பு நோட்டு அவள் அலமாரியில் இருக்கிறது. சாவியும் அவளிடம்தான். கடைசியாக வலிப்பு எப்போது வந்தது என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் கேட்கவில்லை.