எலுமிச்சை அளவில் ஒரு பெரியவர்

மார்ச் 3, திங்கள்

அருங்காட்சியகத்தில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் நின்று என் ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என் ஓடு" என்று எழுதவே சிரிப்பு வருகிறது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் நீந்திய பிராணியின் ஓடு, கல்லாகிக் கிடக்கிறது. நாட்டிலாய்டு, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். வளர வளர, பழைய அறையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு முன்னால் குடிபோய்விடும். எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய்.

அந்தக் குழாய்தான் விஷயமே. இதே பாறையில் கிடைக்கும் பழைய இனத்தின் ஓடு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், குழாய் நட்டநடுவில் போகும். எலுமிச்சை அளவே உள்ள இதில் உள்வளைவை ஒட்டிப் போகிறது. இது புது இனம். எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். கட்டுரையை எங்கள் துறையின் பெரிய தலை ஒருவருக்குப் படித்துப் பார்க்க அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 5

பதில் இல்லை.

மார்ச் 6

பதில் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"இது புது இனம் அல்ல, பெரிய இனத்தின் குட்டி. குட்டிகளில் குழாய் இடம் மாறியிருப்பது உண்டு." அவ்வளவுதான். மூன்று வருஷ உழைப்புக்கு இரண்டே வரி! குட்டியாம். இவரு பார்த்தாராக்கும்? பக்கத்துல நின்னு பிரசவம் பார்த்தாராக்கும்?

வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "குட்டி குட்டின்னு எழுதியிருக்கானே, இவன் பேரு இனிமே குட்டிச்சாத்தான்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

மார்ச் 9

கோபம் ஆறியபின் யோசித்தால், குட்டிச்சாத்தான் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இது வளர்ந்த ஆளா, குட்டியா? கண்டுபிடிக்க வழி உண்டு. வளர்ச்சி நிற்கப்போகும் சமயத்தில் இந்தப் பிராணிகள் கடைசிச் சுவர்களை நெருக்கி நெருக்கி வைக்கும். கடைசி அறைகள் குறுகலாக இருந்தால் ஆள் முழுசாக வளர்ந்தாயிற்று என்று அர்த்தம்.

சுவர்கள் வெளியே கோடு கோடாகத் தெரியும். என் ஓட்டிலும் தெரிகின்றன, கடைசிப் பகுதியைத் தவிர. அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. அதன்மேல் கறுப்பு மையில் எங்கள் அருங்காட்சியகத்தின் எண்! எந்தக் காலத்துப் புண்ணியவானோ, வழுவழுப்பான இடமாகத் தேடிப் பிடித்து, சுண்ணாம்புக் காரையை அப்பி எழுதியிருக்கிறார். இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு!

மார்ச் 10

பட்டையைச் சுரண்ட வேண்டும் என்று அருங்காட்சியகக் காப்பாளரிடம் சொன்னேன். அவருடைய சிறுநீரகத்தைக் கேட்டதுபோல் பார்த்தார்.

"நம்பர் போச்சுன்னா அது வெறும் கல்லும்மா. எங்க கிடைச்சுது, யார் எடுத்தா, எல்லாம் போச்சு."

"முதல்ல வேற இடத்துல எழுதிட்டு, அப்புறம் சுரண்டலாமே சார்?"

"நான்தான் எழுதுவேன். எங்க கொண்டுபோனாலும் ஓடு என் கையிலதான் வரும்."

கோடுகள் கெடாமல் சுரண்ட என் கைக்குத் தைரியம் போதாது. பல் டாக்டரான என் அக்காவுக்குப் போன் செய்தேன். "வலிக்குதுன்னு கத்துமா?" என்று கேட்டாள். கத்தாது என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா."

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காப்பாளர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கிளினிக் நாற்காலியில் பெண் பார்க்க வந்தவர்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முதலில் ஓட்டின் மறுபக்கம் பொடி எழுத்தில் எண்ணை எழுதி ஊதினார். அக்கா ஓட்டைத் துண்டில் கிடத்தி, விளக்கை இழுத்து, முகக்கவசத்தை மாட்டி, "கொஞ்சம் வாயைத் திறங்க" என்று ஓட்டிடம் சொன்னாள். காப்பாளர் சிரிக்கவில்லை.

என்னால் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த சொத்தைப் பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடுகள் சம இடைவெளியில் இருந்தால் கதை முடிந்தது. குட்டிதான். மூணு வருஷமும் தண்டம். வேற வேலை பார்க்க வேண்டியதுதான். ஐயோ, இவ என்ன இவ்வளவு மெதுவா சுரண்டுறா—

"ஏய், இங்க வா. கோடு கோடா வருது. கடைசியில மூணு மட்டும் ஒண்ணையொண்ணு இடிச்சிக்கிட்டு நிக்குது. இது நல்லதா, கெட்டதா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்காவை முகக்கவசத்தோடு கட்டிப்பிடித்தேன்.

"மெதுவா, மெதுவா," என்றார் காப்பாளர், "மை இன்னும் காயலை." ஆனால் அவரும் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சின்ன ஆளா இருந்தாலும் பெரிய மனுஷன்தான்," என்றார்.

மார்ச் 21

நான் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்துக் குட்டிச்சாத்தான் எழுதியிருக்கிறார்: "வளர்ந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஓடு. பிறவியிலேயே கோணலான ஒன்றாக இருந்தால்?"

மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒற்றை ஓட்டை வைத்து இனத்தை அறிவிக்கலாம், விதி இடம் தருகிறது. என் மனசு இடம் தரவேண்டுமே. இருந்தும் துணிந்து ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12

ஏற்றுக்கொண்டார்கள்! லத்தீனில் "நெருங்கிய சுவர்" என்று பொருள் வரும்படி பெயர் வைத்திருக்கிறேன்.

"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சது எனக்கு. பேரு மட்டும் சுவத்துக்கா?" என்று அக்கா சண்டைக்கு வந்தாள். நன்றி சொல்லும் பகுதியில் பல் மருத்துவருக்கு ஒரு வரி இருக்கிறது. தவறிப்போய் எழுதிவிட்டீர்களா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

ஜூன் 30

கட்டுரை அச்சுக்குப் போயிற்று. சந்தோஷம்தான். ஆனால் அந்தக் "கோணலான ஒன்று" உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 8

மத்தியானம் போன். குட்டிச்சாத்தானேதான். இவ்வளவு மென்மையான குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்க படத்தைப் பார்த்ததிலேருந்து மனசு கேட்கலைம்மா. எங்க இழுப்பறையில இதே மாதிரி மூணு ஓடு கிடக்குது. நான்தான் குட்டின்னு எழுதி வச்சேன். எங்க ஆளுங்களும் அதே இடத்துலதான் நம்பர் போட்டிருக்காங்க. சுரண்டிப் பார்த்தேன்."

"ஐயா..."

"மூணும் வளர்ந்தது. குழாயும் நீங்க சொன்ன இடத்துலதான் போகுது. சீட்டை மாத்திட்டேன். நீங்க வச்ச பேரைத்தான் எழுதியிருக்கேன்."

வாய்விட்டு அழுதேன். போனிலேயே. அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல், "நல்லதும்மா, நல்லதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுவரை கிடைத்திருப்பது இந்த ஒன்றே" என்று என் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. இனித் திருத்த முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தப்பாக எழுதியதில்லை.